லிஸ்பனில் ஒரு நாள்: காலை பெலேம், மதியம் பைஷா, இரவு அல்ஃபாமா

லிஸ்பனுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், முதல் வேலை கையில் இருக்கும் பட்டியலைக் கிழிப்பது. சிந்த்ரா அரண்மனைகள் வேண்டாம், அதற்குத் தனியாக ஒரு நாள் தேவை. 28ஆம் எண் டிராமில் ஏறி ஊர் சுற்றும் ஆசையையும் விட்டுவிடுங்கள். மலை மேலிருக்கும் சான் ஜோர்ஜ் கோட்டைக்குள் டிக்கெட் எடுத்துப் போவதும் கட்டாயமில்லை. இந்த மூன்றும் போனால் மிச்சத்தை நிதானமாகப் பார்க்கலாம், உட்கார்ந்து சாப்பிடவும் நேரம் கிடைக்கும்.

இந்த ஊரைப் பிடித்துக்கொள்ள ஒரு தேதி போதும்: 1755 நவம்பர் 1. சகல புனிதர்கள் திருநாள். காலை பத்து மணி ஆவதற்குச் சற்று முன், தேவாலயங்கள் நிறைந்திருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. பீடங்களில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் சரிந்து தீப்பிடித்தது. தீக்குப் பயந்து ஆற்றங்கரைத் திடலுக்கு ஓடியவர்கள், தண்ணீர் உள்வாங்கி அடித்தரை தெரிவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது சுனாமி வந்தது. தீ நாள்கணக்கில் எரிந்தது. லிஸ்பனில் நீங்கள் பார்க்கும் எல்லாமே அந்தக் காலைக்கு முந்தையது அல்லது பிந்தையது. நம் நாளையும் அப்படியே பிரித்துக்கொள்வோம். காலையில், பூகம்பத்துக்கு முன் குவிந்த செல்வம். மதியம், இடிந்த இடத்தில் போட்ட புதிய ஊர். மாலையில், பூகம்பம் விட்டுவைத்த பழைய ஊர்.

இன்னொரு விதியும் உண்டு. ஊர் முழுக்க மேடும் பள்ளமும். ஏழு குன்று என்பார்கள். எண்ணிக்கை எதுவானாலும் கணக்கு முட்டிக்குத் தெரியும். ஆகவே ஏறுவதற்கு இயந்திரம், இறங்குவதற்கு மட்டும் கால். கீழே சொல்லும் வழி முழுக்க இந்த விதிப்படிதான் போகிறது.

முந்தின இரவே முடிக்க வேண்டியவை

கிழமையைப் பாருங்கள். திங்கட்கிழமை பெலேமின் ஜெரோனிமோஸ் மடாலயம் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, பூகம்பத்தில் கூரை இழந்த கார்மு தேவாலயத்தின் இடிபாடுகள் மூடியிருக்கும். செவ்வாய் முதல் சனிக்குள் ஒரு நாள் என்றால் சிக்கலே இல்லை. மடாலயத்தின் உள்முற்றத்துக்கு இணையத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். இரவு ஃபாடோ என்ற லிஸ்பன் பாட்டைக் கேட்கப் போகும் உணவகத்துக்கும் இப்போதே இடம் சொல்லிவையுங்கள்.

எந்த மெட்ரோ நிலைய இயந்திரத்திலும் நவெகாந்தே என்ற அட்டை ஐம்பது சென்ட்டுக்குக் கிடைக்கும். அதில் பேருந்து, டிராம், மெட்ரோ மூன்றுக்கும் சேர்ந்த 24 மணி நேரச் சீட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். ஏழு யூரோவை ஒட்டி வரும். ஒரே அட்டையை இருவர் பயன்படுத்த முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். முதல் முறை தேய்க்கும் நேரத்திலிருந்துதான் 24 மணி நேரம் ஓடத் தொடங்கும். எனவே இரவே வாங்கி வைத்தாலும் நஷ்டமில்லை.

செருப்பு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளை, கறுப்புக் கற்களைக் கையால் பதித்துக் கோலமிட்டிருப்பார்கள். பார்க்க அழகு, ஆனால் லட்சக்கணக்கான கால்கள் தேய்த்துத் தேய்த்து மேற்பரப்பு வழவழவென்று ஆகிவிட்டது. தூறல் விழுந்தால் வழுக்கும், அதுவும் இறக்கத்தில். அடிப்பக்கம் நன்றாகப் பிடிக்கும் ஷூதான் சரி.

காலை 8 மணி: பெலேமில் முதல் வாய்

ப்ராசா ட ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 15ஆம் எண் டிராம் பெலேம் போகிறது. ஏழரைக்கு ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் இதே டிராமில் நிற்கவே இடமிருக்காது, பையில் கைவிடுகிறவர்களுக்கும் அதுதான் வேலை நேரம்.

இறங்கியதும் நேராக 'பாஸ்டெய்ஸ் டி பெலேம்' கடைக்கு. 1837 முதல் இதே இடத்தில் நடக்கிறது. கதை இதுதான்: மடாலயங்களில் அங்கிகளுக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக்கரு போனது. மிஞ்சிய மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு சேர்த்துப் பலகாரமாக்கினார்கள். 1834இல் அரசாங்கம் துறவு மடங்களைக் கலைத்தபோது ஜெரோனிமோஸ் மடத்தின் செய்முறை வெளியே வந்து இந்தக் கடையாயிற்று. அந்தப் பக்குவம் இன்றும் ரகசியம். ஊரில் மற்றவர்கள் செய்வதன் பெயர் பாஸ்டெல் டி நாட்டா. 'பெலேம்' என்ற பெயர் இந்தக் கடைக்கு மட்டும்.

வாசலில் தெரியும் வரிசை பொட்டலம் வாங்குகிறவர்களுடையது. அதில் நிற்காமல் உள்ளே நடங்கள். நீல ஓடு பதித்த அறைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். இந்த நேரத்தில் மேசை எளிதாகக் கிடைக்கும். ஆளுக்கு இரண்டு சொல்லுங்கள், ஒன்று போதாது. மேலே தெரியும் கறுத்த திட்டுகளைக் கருகல் என்று ஒதுக்க வேண்டாம். மிகச் சூடான அடுப்பில் சர்க்கரையும் கருவும் சேர்ந்து பொங்கிய இடம் அது. மேசையில் இருக்கும் லவங்கப்பட்டைத் தூளை முதலில் தூவி, சூடு இருக்கும்போதே கடியுங்கள். ஓரத்து அடுக்குகள் மொறுமொறுவென்று உதிரும், நடுவில் இளகிய முட்டைக் கூழ் நாக்கில் வழியும். ஆறிவிட்டால் இதில் பாதி சுகம் இல்லை. பொட்டலம் கட்டி விடுதிக்கு எடுத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

காபிக்கு ஒரு வார்த்தை. 'பீக்கா' என்றால் சின்னக் கோப்பையில் கசப்பான எஸ்பிரெஸ்ஸோ. பால் காபி வேண்டுமென்றால் 'கலாவ்' என்று கேளுங்கள். உயரமான கண்ணாடி டம்ளரில் நிறையப் பாலோடு வரும்.

9.30: மிளகு கட்டிய மடாலயம்

ஒன்பது மணிக்கே ஜெரோனிமோஸ் வாசலுக்கு வந்துவிடுங்கள். தேவாலயத்துக்குள் நுழையக் கட்டணமில்லை, உள்முற்றத்துக்கு மட்டும் டிக்கெட். கதவு திறந்ததும் முற்றத்தை முதலில் பாருங்கள். சுற்றுலாக் குழுக்கள் வந்துவிட்டால் படமெடுக்க மட்டுமே முடியும், பார்க்க முடியாது.

மன்னர் முதலாம் மானுவேல் 1501ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கினார். செலவுக்குப் பணம் கிழக்கிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த சரக்கின் மீது போட்ட ஐந்து விழுக்காட்டு வரியிலிருந்து வந்தது. அந்த வரிக்குப் பெயரே 'மிளகின் இருபதில் ஒரு பங்கு'. மலபார்க் கரையில் மூட்டை கட்டிய மிளகுதான் இங்கே சுண்ணாம்புக் கல்லாக நிற்கிறது என்று சொன்னால் மிகையில்லை. தூண்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: முறுக்கிய கப்பல் கயிறு, முடிச்சு, பவளம், கடற்செடி, வானக் கோளக் கருவி எல்லாம் கல்லில் இருக்கும். இந்தப் பாணிக்கு மன்னர் பெயராலேயே மானுவேலின் பாணி என்று பெயர். 1755 பூகம்பத்தில் இந்தக் கட்டடம் பெரிதாகச் சேதமடையவில்லை. அன்று அரச குடும்பமும் பெலேம் பக்கம் இருந்ததால்தான் தப்பியது.

தேவாலயத்தில் நுழைந்தவுடன் இரு பக்கமும் இரண்டு கல்லறைகள். ஒன்று வாஸ்கோடகாமாவுடையது, மற்றது கவிஞர் கமோயிஷுடையது. காமா 1524இல் இறந்தது கொச்சியில். முதலில் புதைத்ததும் அங்கேதான். எலும்புகள் 1539இல் போர்ச்சுகலுக்கு வந்தன; இந்த மடாலயத்துக்கு வந்தது 1880இல்தான். நம் கடற்கரைகளில் இவர் விட்டுப்போன பெயர் நல்ல பெயரல்ல. இங்கே அவர் தேசத்தின் நாயகர். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பதே நேர்மை.

இந்த ஊரோடு தமிழுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 1554இல் தமிழ் வாசகங்களை ரோமன் எழுத்தில் அச்சிட்ட கிறித்தவ மறைச் சிறுநூல் ஒன்று லிஸ்பனில்தான் வெளிவந்தது. தமிழ் எழுத்திலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது 1578இல்; அதற்கு 24 ஆண்டு முந்தையது இது.

11 மணி: ஆற்றங்கரை, ஒரு காண்டாமிருகம்

சாலையைச் சுரங்கப்பாதை வழியாகக் கடந்தால் தேஜு ஆறு. கப்பல் முகப்புப் போல நீட்டிக்கொண்டிருக்கும் 'கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம்' பழையதென்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 1960இல், சலாசாரின் சர்வாதிகாரக் காலத்தில் எழுப்பியது. ஐந்து நிமிடம் போதும்.

அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் பெலேம் கோபுரம், 1514க்கும் 1519க்கும் இடையில் ஆற்றைக் காக்கக் கட்டியது. உள்ளே ஒடுக்கமான ஒற்றைச் சுழல் படிக்கட்டு, ஏறி இறங்கவே நேரம் போய்விடும். வெளியில் நின்று ஒன்றை மட்டும் தேடுங்கள்: வடமேற்குக் காவல் மாடத்தின் அடியில் தேய்ந்துபோன ஒரு மிருகத் தலை. அது காண்டாமிருகம். குஜராத் சுல்தான் கொடுத்த அந்த விலங்கு 1515இல் கப்பலில் லிஸ்பன் வந்து இறங்கியது. மன்னர் அதை யானையோடு மோதவிட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்; யானை பயந்து ஓடிவிட்டது. பிறகு போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பியபோது கப்பல் மூழ்கிக் காண்டாமிருகம் செத்தது. அதைக் கண்ணால் பார்க்காமலே, வந்த கடிதத்தையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்து ஜெர்மன் ஓவியர் ட்யூரர் உருவாக்கிய மரஅச்சுப் படம்தான் ஐரோப்பாவில் பல தலைமுறைகளுக்குக் காண்டாமிருகத்தின் உருவம்.

பன்னிரண்டு மணிக்கு 15ஆம் எண் டிராமில் திரும்பி, ப்ராசா டு கொமேர்சியுவில் இறங்குங்கள்.

12.30: இடிந்த இடத்தில் போட்ட ஊர்

மூன்று பக்கம் மஞ்சள் கட்டடங்கள், நான்காவது பக்கம் ஆறு. அரண்மனை நின்ற இடம் இது; நூலகத்தோடு சேர்ந்து 1755இல் போயிற்று. 1908 பிப்ரவரி 1 அன்று மன்னர் கார்லோஸும் பட்டத்து இளவரசரும் சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்தச் சதுக்கத்தில்தான். இரண்டே ஆண்டில் முடியாட்சியே போய்விட்டது.

வளைவு வாசல் வழியாக உள்ளே போனால் பைஷா. பூகம்பத்துக்குப் பிறகு மார்க்கேஸ் டி பொம்பால் என்ற அமைச்சர் மேற்பார்வையில் நூல் பிடித்தாற்போலத் தெருக்கள் போட்டார்கள். தங்கக்காரர் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு, துணி வியாபாரிகள் தெரு என்று தொழிலுக்கு ஒரு தெரு. கண்ணுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கட்டடங்களின் சுவருக்குள் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டக் கூண்டு இருக்கிறது. அடுத்த முறை பூமி ஆடினால் கல் உதிர்ந்தாலும் கூண்டு நிற்கட்டும் என்ற யோசனை.

மதியச் சாப்பாடு

நடுவில் போகும் அகலமான ருவா அகுஸ்தாவில் சாப்பிடாதீர்கள். படம் போட்ட மெனுவைக் காட்டி வாசலில் நின்று கூப்பிடும் கடை எதுவானாலும் தவிர்க்கலாம். பக்கத்துத் தெருக்களில், காகித மேசைவிரிப்புப் போட்ட, அலுவலக ஆட்கள் அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் 'தாஸ்கா' ஒன்றைத் தேடுங்கள். 'ப்ராட்டு டு டியா' என்று பலகையில் எழுதியிருப்பது அன்றைய சாப்பாடு. சுமார் பத்திலிருந்து பதினான்கு யூரோ, கையைக் கடிக்காது. இரண்டு மணிக்குள் போங்கள். பிந்தினால் நல்லது தீர்ந்துவிடும்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் வந்து மேசையில் அமரும். இலவசமென்று நினைக்க வேண்டாம். தொட்டால் காசு, தொடாவிட்டால் இல்லை. வேண்டாமென்றால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாப்பிட வேண்டியது பக்கல்யாவ், அதாவது உப்பிட்டு உலர்த்திய காட் மீன். போர்ச்சுகல் கடலில் இந்த மீன் கிடையாது. நார்வே, ஐஸ்லாந்துப் பக்கமிருந்து வருகிறது. ஆனாலும் இதுதான் தேசிய உணவு. சதுக்கத்துக்கு மேற்கே ருவா டு அர்சினால் தெருவில் பலகை பலகையாக அடுக்கி விற்பார்கள். வாசலைத் தாண்டும்போதே நம்மூர்க் கருவாட்டுக் கடை மூக்கில் வந்து நிற்கும். ஆனால் ருசி அப்படியில்லை: ஒன்றிரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைப்பதால் உப்பு இறங்கி, சதை இதழ் இதழாகப் பிரியும். முதல் முறை என்றால் 'பக்கல்யாவ் ஆ ப்ராஸ்' சொல்லுங்கள். உதிர்த்த மீன், தீக்குச்சி போல நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாவற்றையும் முட்டையில் புரட்டி, மேலே கறுப்பு ஆலிவ் போட்டு வரும். முள் தொல்லை இல்லை. ஆலிவ் எண்ணெயில் முக்கிச் சுட்ட பெரிய துண்டு வேண்டுமென்றால் 'லகரெய்ரு'.

காரம் இல்லாமல் நாக்கு செத்துப்போனதாகத் தோன்றினால் 'பிரி-பிரி' கேளுங்கள், மிளகாய் எண்ணெய் வரும். 'பிஃபானா' என்ற ரொட்டியில் பன்றிக்கறி, 'ப்ரேகு' என்றதில் மாட்டுக்கறி; வேண்டாதவர்கள் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்குத் தாஸ்கா கொஞ்சம் சிரமம்தான். காய்கறி சூப், சாலட், ஆம்லெட், தக்காளிச் சோறு கிடைக்கும். 'கால்டு வேர்டு' என்ற பச்சைக்கீரை சூப்பில் பன்றி சாசேஜ் துண்டு மிதக்கும், எடுத்துவிட்டுத் தந்தாலும் வாசம் இருக்கும். 'ஸெம் கார்ன், ஸெம் பைஷ்' என்றால் கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம். முட்டையும் ஆகாதவர்கள் மார்த்திம் மோனிஸ் சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் இருக்கும் இந்திய, வங்கதேசக் கடைகளை நம்பலாம். இன்னொன்று: சாதாரண லிஸ்பன் காபிக் கடையிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் சமோசா இருக்கும். கோவா வழியாக வந்தது. பெரும்பாலும் உள்ளே கறி, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

2.30: ஏறாமல் ஷியாடு

இப்போது முதல் ஏற்றம். வழியில் சாந்தா ஜுஸ்தா என்ற இரும்பு லிஃப்ட் கோபுரம் (1902, 45 மீட்டர்) வரும். அதை அண்ணாந்து பார்த்துவிட்டு நகருங்கள். பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்துக்குள் ருவா டு க்ருசிஃபிஷு பக்கம் நுழைந்து, டிக்கெட் கேட்டைத் தாண்டாமலே எஸ்கலேட்டர்களைப் பிடித்து மேலே போனால், ஷியாடு சதுக்கத்தில் போய் நிற்பீர்கள். ஊர்க்காரர்கள் தினமும் செய்வது இதுதான். 2025 செப்டம்பர் 3 அன்று, சரிவில் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் க்ளோரியா கேபிள் வண்டி தடம்புரண்டு 16 பேர் இறந்தார்கள். அந்த வகைப் பழைய வண்டிகளை நான் இந்தத் திட்டத்தில் சேர்க்கவே இல்லை.

வெளியே வந்ததும் பிரசிலெய்ரா காபிக் கடை (1905), வாசலில் வெண்கலத்தில் கவிஞர் பெசோவா. வெளி மேசையில் உட்கார்ந்தால் விலை ஏறும்; உள்ளே நீள மேடையில் நின்றபடி ஒரு பீக்கா குடித்துவிட்டு வாருங்கள். அருகிலேயே 1732இல் தொடங்கிய பெர்த்ராந்து புத்தகக் கடை.

நாலு எட்டு வைத்தால் கார்மு. இந்த நாளில் ஒரே ஒரு டிக்கெட்தான் எடுப்பேன் என்பவர்களுக்கு நான் சொல்வது மடாலயத்தை அல்ல, இதைத்தான். 1389இல் தொடங்கிய தேவாலயம். 1755இல் கூரை விழுந்தது, பிறகு முழுதாக மூடவே இல்லை. வளைவுகள் மட்டும் விலா எலும்புகளாக நிற்க, நடுக்கூடத்தில் புல் முளைத்திருக்கிறது, மேலே வானம். பூகம்பத்தைப் பற்றிப் படித்ததெல்லாம் இங்கே நின்றால்தான் உறைக்கும். உள் அறையில் சம்பந்தமே இல்லாமல் இரண்டு பெரு நாட்டு மம்மிகள் வேறு இருக்கின்றன!

வெளியில் நிழல் நிறைந்த சதுக்கம். 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகாரத்தின் கடைசிப் பிரதமர் கயெதானு ஒளிந்திருந்த படைமுகாம் இதை ஒட்டியதுதான். துப்பாக்கி முனைகளில் மக்கள் சிவப்புக் கார்னேஷன் பூக்களைச் செருக, அன்று மாலை அவர் சரணடைந்தார்.

4.15: ரொஸ்ஸியு, ஒரு கோப்பை ஜின்ஜா

இறக்கத்தில் நடந்து ரொஸ்ஸியு சதுக்கத்துக்கு வாருங்கள். தரையில் அலை அலையாகக் கறுப்பு வெள்ளைக் கல், வெயிலில் நின்றால் தரை நெளிவதுபோல இருக்கும். மூலையில் சாவ் டொமிங்குஸ் தேவாலயம். 1959 தீயில் வெந்த தூண்களை அப்படியே விட்டிருக்கிறார்கள்; கல் பாளம் பாளமாகப் பெயர்ந்து தெரியும். 1506இல் இங்கிருந்துதான் யூதர்களுக்கு எதிரான படுகொலை கிளம்பியது. வெளியே அதற்கு ஒரு நினைவுக்கல் உண்டு.

எதிரே ஓர் ஆள் அகலக் கடையில் 1840 முதல் ஜின்ஜா விற்கிறார்கள். புளிப்புச் செர்ரியை ஊறவைத்த இனிப்பு மது. பழத்தோடு வேண்டுமா, பழமில்லாமலா என்று கேட்பார்கள். சின்னக் கோப்பை, நின்றபடி இரண்டு மடக்கு. குடிக்காதவர்கள் தயங்காமல் தாண்டிப் போகலாம்.

5 மணி: இரண்டு இலவச லிஃப்ட்

துணி வியாபாரிகள் தெருவான ருவா டுஸ் ஃபங்கெய்ரஸில் 170ஆம் எண்ணை ஒட்டி ஒரு கட்டடத்துக்குள் நகராட்சி லிஃப்ட் இருக்கிறது. காசில்லை. மேலே ருவா ட மதலேனாவில் வெளியே வந்து, எதிர்ப்புறம் கொஞ்சம் நடந்தால் பழைய ஷாவ் டு லொரெய்ரு சந்தைக் கட்டடம். அதில் இரண்டாவது லிஃப்ட். அது உங்களைக் கோட்டைச் சரிவில் விட்டுவிடும். வியர்க்காமல் மலை ஏறியாயிற்று.

கோட்டை 1147இல் போர்ச்சுகலின் முதல் மன்னர் அஃபோன்சு என்ரிக்கிஸ், அதுவரை ஊரை ஆண்ட முஸ்லிம்களான மூர்களிடமிருந்து பிடித்தது. இன்று தெரியும் மதில்களில் பெரும்பகுதி 1938-40 சீரமைப்பின் கைவண்ணம். காட்சிக்காக என்றால் போர்த்தாஸ் டு சோல் மேடை போதும். அது கிழக்குப் பார்த்தது. மாலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து அல்ஃபாமாவின் வெள்ளைச் சுவர்களிலும் செவ்வோட்டுக் கூரைகளிலும் விழும். பக்கத்திலேயே சாந்தா லூசியா. அங்கே ஓட்டுச் சித்திரமாகப் பூகம்பத்துக்கு முந்தைய அரண்மனைச் சதுக்கம் இருக்கிறது; மதியம் நின்ற இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிராம் தண்டவாளத்தை ஒட்டி இறங்கினால் 1147இல் தொடங்கிய பேராலயம். அதற்குச் சற்றுக் கீழே சின்னதாக ஒரு கோயில், நம்மவர்கள் பலர் தெரியாமலே தாண்டிப் போய்விடுகிறார்கள். உவரியிலும் கச்சத்தீவிலும் கும்பிடுகிற அதே பதுவை அந்தோணியார் பிறந்த இடமென்று சொல்லப்படுவது இதுதான். பதுவையில் அடக்கமானதால் அந்தப் பெயர், பிறந்தது லிஸ்பனில். கீழறைக்கு இறங்கிப் பார்க்கலாம். ஜூன் 12 இரவு அவர் திருநாளுக்கு இந்தப் பகுதி முழுக்கத் தெருவில் அடுப்பு வைத்து மத்தி மீன் சுடுவார்கள்.

8 மணி: அல்ஃபாமா

பேராலயத்தின் பக்கவாட்டில் ருவா டி சாவ் ஜுவாவ் ட ப்ராசா வழியாக நுழையுங்கள். மூர்கள் காலத்துச் சந்துகள். பூகம்பத்தில் பெரும்பாலும் தப்பியதால் நூல் பிடித்த தெரு ஒன்றுகூட இல்லை. வரைபடத்தை மூடிவிடலாம், வழி தப்பினாலும் இறக்கமாகவே நடந்தால் ஆற்றுக்கு வந்துவிடுவீர்கள்.

கோடையில் வந்தால் இரவுச் சாப்பாட்டுக்குச் சுட்ட மத்தி. கல்லுப்பு மட்டும் போட்டு முழுதாகக் கரியில் சுட்டு வரும். ரொட்டித் துண்டின் மேல் வைத்துக் கையால் சதையைப் பிரித்துத் தின்பதே முறை. கடைசியில் எண்ணெய் ஊறிய அந்த ரொட்டியை விட்டுவிடாதீர்கள். குளிர்காலத்தில் மத்தி கேட்க வேண்டாம், பருவம் இல்லை, ஆக்டோபஸ் கேளுங்கள்.

ஃபாடோ கடைகளில் குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்று கணக்கு இருக்கும். உட்காருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கைக் குறைத்ததும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். பரிமாறுகிறவரும் அப்படியே நிற்பார், முள்கரண்டி சத்தம்கூடக் கூடாது. ஒருவர் பாட, ஒருவர் பன்னிரண்டு கம்பிப் போர்ச்சுகீசிய கிதாரும் இன்னொருவர் சாதாரண கிதாரும் வாசிப்பார்கள். மைக் இருக்கும் கடையைவிட இல்லாத கடை மேல். மூன்று நான்கு பாட்டு முடிந்ததும் விளக்கு வரும், அப்போது சாப்பிடலாம், பேசலாம். யுனெஸ்கோ பட்டியலில் 2011இல் ஏறிய கலை என்பதற்காக எல்லாக் கடையிலும் தரம் ஒன்றாக இருக்காது. முதல் சுற்று பிடிக்காவிட்டால் கணக்கை முடித்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

திரும்பும்போது மலை ஏறாதீர்கள். ஆற்றுப் பக்கம் இறங்கினால் ஷஃபரிஸ் டி டென்ட்ரு சதுக்கம், அங்கிருந்து சில நிமிடத்தில் சாந்தா அப்பொலோனியா மெட்ரோ நிலையம். இரவு ஒரு மணி வரை வண்டி உண்டு, காலையில் தேய்த்த அட்டையே செல்லும்.